ஒன்றேகால் டிகிரி

வாங்க வந்திருப்பவள் நான். இதை இரண்டு முறை சொல்லிவிட்டேன். கடைக்காரர் எட்வின் ஜெயசீலன் இரண்டு முறையும் பணிவாகத் தலையசைத்தார். அசைத்த தலையை அப்படியே திருப்பி, என் பையைச் சுமந்துவந்த கார் ஓட்டுநர் குபேந்திரனிடம், "சார், இது ஆறு கிலோ, அது ரெண்டுதான், நீங்களே தூக்கிப் பாருங்க" என்கிறார். குபேந்திரன் கூசிப்போய் என்னைப் பார்க்கிறார். நான் மேசையைப் பார்க்கிறேன். எழும்பூரில் இரண்டாம் மாடியில், ரயில் வரும்போதெல்லாம் கண்ணாடி அலமாரிகள் மெல்ல நடுங்கும் இந்தக் கடையில், மேசைமேல் இரண்டு கேமராக்கள் இருக்கின்றன. இரண்டில் ஒன்றை நண்பகலுக்குள் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இரண்டு மணிக்குச் செங்கல்பட்டுக்கு அப்பால், ஏரி மண்ணில் கட்டிய அந்த மகளிர் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் நான் நிற்க வேண்டும். விழாமல் மிஞ்சிய மூன்று சுவர்களை, முன்பு நின்ற அதே இடத்தில் நின்று படமெடுத்துத் தரும்படி விசாரணைக் குழு கேட்டிருக்கிறது. நாளை காலை பத்து மணிக்கு அந்தக் குழுவின் முன் உட்கார்ந்து, விழுந்துபோன நான்காவது சுவரைப் பற்றியும் மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் எடுத்த படத்தைப் பற்றியும் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவும் என் தலையில் இருக்கும்போது இவர் எடையைப் பற்றிப் பேசுகிறார், அதுவும் என்னிடம் அல்ல. பதினேழு வயதில், அறை நிறைய ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து கட்டடக்கலை நுழைவுத் தேர்வு பற்றிக் கேட்டபோது ஒருவர், பதிலை என் அப்பாவிடம் சொன்னார். அப்பாவோ அந்தக் கேள்வியே புரியாதவர். அன்று தொடங்கிய கோபம் இது, இன்னும் ஆறவில்லை. ஆறாதது நல்லதென்றே நினைத்திருந்தேன். இப்போது ஒரு சந்தேகம்: எல்லார்மீதும் கோபமாக இருப்பது, ஒரே ஒருத்தியின்மீது கோபப்படாமல் தப்பிக்க நான் கண்டுபிடித்த வழியோ?

இடப்பக்கம் இருப்பது பெரியது. தண்டவாளம் போல ஒரு கம்பி. அதன் முன்முனையில் லென்ஸ் நிற்கும் சட்டம், பின்முனையில் படம் விழும் பலகை, இரண்டையும் இணைக்கும் கறுப்புத் துருத்தி. இரண்டு முனைகளும் ஏறும், இறங்கும், திரும்பும், சாயும். வலப்பக்கத்தில் இருப்பதில் துருத்தி இல்லை. தடித்த ஓர் உலோகத் தட்டு, அதன்மேல் லென்ஸ். லென்ஸ் மேலே ஏறும், பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான். பின்பலகை சாயாது. சாய்க்க விரும்பினாலும் சாயாது. அதற்காகவே அதை வாங்க வந்திருக்கிறேன். கைக்கேமராவை அண்ணாந்து பிடித்து ஓர் அறையை எடுத்தால் சுவர்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சரியும். கேமராவை மட்டமாக நிறுத்தி லென்ஸை மட்டும் உயர்த்தினால் சுவர் சுவராக நிற்கும். இருபது ஆண்டுகளாக நான் சோறு தின்பது இந்த ஒரு வித்தையால். பிறர் கட்டிய அறைகளை நேராக நிற்க வைக்கிறேன். என் படங்களில் மனிதர்கள் இருப்பதில்லை. செருப்பு, துடைப்பம், மின்விசிறிக் கம்பி, ஈரத்துணி எதுவும் இருப்பதில்லை. அறைகள் யாருக்காகவும் கட்டப்படாதவை போலப் பளபளக்கும். கட்டடக்கலைஞர்கள் என்னைத் தேடி வருவது அதற்குத்தான். "இப்பல்லாம் எதுக்கு சார் இந்தக் கஷ்டம், கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டினா செவுரு நேரா நிக்குது" என்கிறார் எட்வின் ஜெயசீலன், குபேந்திரனிடம். குபேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு டயர் பத்திக் கேட்டா சொல்லுவேன் சார். இதெல்லாம் மேடத்துகிட்ட கேளுங்க" என்கிறார். நல்ல மனிதர். நான் சிரித்திருக்க வேண்டும். கண்ணாடி மேசைமேல் கவிழ்த்துவைத்த என் கைபேசி வண்டுபோல் உறுமிக்கொண்டே நகர்ந்து, வலப்பக்கக் கேமராவில் முட்டி நிற்கிறது. ஐந்தாவது அழைப்பு. அந்த விடுதியை வடிவமைத்தவன், என் வகுப்புத் தோழன், சுதர்சனன்.

எடுக்கிறேன். எடுக்காமலிருந்தால் பயந்துவிட்டேன் என்று நினைப்பான்; பயந்துதான் இருக்கிறேன், அதை அவன் நினைக்கக் கூடாது. "உமை, என்ன நீ, எத்தனை தடவை அடிக்கறது?" "கடையில இருக்கேன்." "சரி, ஒரே நிமிஷம். டைப் பண்ணி அனுப்பியிருக்கேன் பாத்தியா? ஒரே ஒரு வரி. 'இப்படத்தில் கணினித் திருத்தம் எதுவும் செய்யப்படவில்லை.' கீழ உன் கையெழுத்து. அவ்வளவுதான். இதுல பொய் ஏதாவது இருக்கா?" "இல்ல." "அப்புறம் என்ன? நாங்க முடிச்சுக் குடுத்தப்ப செவுரு நேரா இருந்திருக்கு, படமே சொல்லுது. அதுக்கப்புறம் கிச்சன் ஆளுங்க அரிசி மூட்டையக் கூரை வரைக்கும் சாத்தி அடுக்கினா எந்தச் செவுருதான் தாங்கும்? காண்ட்ராக்டர் அதைத்தான் எழுதிக் குடுத்திருக்கார்." "மூட்டைய யார் அடுக்கினாங்களாம்?" "யாராவது அடுக்கியிருப்பாங்க. அந்தச் சமையல்காரம்மாவே அடுக்கியிருக்கும். நான் குத்தமா சொல்லல, காரணத்தைச் சொல்றேன்." "அந்தம்மாவுக்குப் பேர் இருக்கு." "ஐயோ, ஆரம்பிக்காத டீ." "டீ போடாத." "காலேஜ்ல போட்டப்ப சும்மாதானே இருந்த?" "காலேஜ்ல நீ தூக்குக்குண்டு பிடிக்கவாவது கத்துக்கிட்டேன்னு நெனச்சேன். அந்த மரியாதைக்குச் சும்மா இருந்தேன்." சிரித்தான். எதற்கும் சிரிப்பான். ஐந்தாம் ஆண்டில் என் வரைபடத்தைத் தன் வரைபடத்துக்குக் கீழே வைத்துப் பிரதியெடுத்துப் பிடிபட்டபோதும் இப்படித்தான் சிரித்தான். பேராசிரியரும் கூடச் சிரித்தார். "பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பிடு உமை. அப்புறம் அந்தப் பெரிய மியூசியம் வேலை, உன்னைத் தவிர யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். மிரட்டலைக்கூட வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல் செய்யத் தெரிந்தவன். அவன் எழுதியிருப்பது பொய் இல்லை, அதுதான் என்னை எரிக்கிறது. அந்தப் படத்தில் கணினி கைவைக்கவில்லை. நான் வைத்தேன்.

பையிலிருந்து கறுப்புத் துணியை எடுத்துப் பெரிய கேமராவின் பின்னால் தலையோடு போர்த்திக்கொள்கிறேன். இந்தத் துணிக்குள் என்னை யாரும் பார்ப்பதில்லை; உலகத்தில் எனக்குப் பிடித்த ஒரே அறை இது. பின்பலகையின் மங்கல் கண்ணாடியில் கடை தலைகீழாகத் தொங்குகிறது. குபேந்திரன் கூரையில் கால் ஊன்றி நிற்கிறார், எட்வின் ஜெயசீலனின் வழுக்கை தரைப்பக்கம் மின்னுகிறது. கண்ணாடியில் செதுக்கிய கட்டக் கோடுகள் இருவரையும் கூறு போடுகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த விடுதிக் கூடத்திலும் இப்படித்தான் இருந்தது. ஆடி மாதம், காற்று, ஜன்னல்களை அடைத்திருந்தோம். வலது ஓரத்தில் தூண், இடது ஓரத்தில் சுவர், நடுவில் எழுபது அடி நீளத்துக்குப் பாலிஷ் போட்ட கருங்கல் தரை. தூண் கட்டக் கோட்டின்மேல் மயிரிழை பிசகாமல் நின்றது. சுவர் நிற்கவில்லை. உச்சியில் அறைக்குள் சாய்ந்திருந்தது, தலைகீழ்ப் படத்தில் அடியில். மிகச் சிறிய சாய்வு. வெறும் கண்ணுக்குத் தெரியாது, அந்தக் கோடு இல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. நான் என்ன செய்தேன்? இருபது ஆண்டுப் பழக்கம் என்ன செய்யச் சொல்லுமோ அதைச் செய்தேன். கேமராதான் மட்டமில்லை என்று நினைத்தேன். ரசமட்டத்தைப் பார்த்தேன், குமிழி நடுவில் அசையாமல் இருந்தது. முக்காலியை அவிழ்த்து மறுபடி நிறுத்தினேன். மறுபடியும் அதே சாய்வு. லென்ஸைச் சந்தேகப்பட்டேன். கண்ணாடியைச் சந்தேகப்பட்டேன். என் கழுத்தைச் சந்தேகப்பட்டேன். சுவரைச் சந்தேகப்படவில்லை. கட்டடக்கலை படித்தவள், கல்லூரியில் கொத்தனார்களோடு வெயிலில் நின்று சுவர் நேரா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தவள், ஒரு நூலும் என் சாவிக்கொத்தும் போதும், இரண்டு நிமிட வேலை, அதைச் செய்யவில்லை. பின்பலகையைக் கொஞ்சம் சாய்த்தேன், லென்ஸைப் பக்கவாட்டில் நகர்த்தினேன். தூண் நின்றபடியே நிற்க, சுவர் மட்டும் மெதுவாக எழுந்து கோட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. எவ்வளவு நிம்மதி எனக்கு! மனத்துக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதோடு நின்றிருந்தால், தெரியாமல் செய்தேன் என்று நாளைக்குச் சொல்லலாம். அதோடு நிற்கவில்லை. அந்தச் சுவரில் பதித்த மரஅலமாரியின் கைப்பிடிகளில் ஒரு பழைய பாவாடைத் துணி முடிச்சுப் போட்டிருந்தது, ஊதாப்பூ நிறம், படத்தில் புண் போலத் தெரிந்தது. அவிழ்க்கச் சொன்னேன். விடுதியின் தலைமைச் சமையல்காரர் மரகதவல்லி, ஐம்பதை ஒட்டிய வயது, கையில் கடலை மாவோடு ஓடிவந்தார். "அவுத்தா கதவு தானா தொறந்துக்குதும்மா. இந்தச் செவுத்துல மட்டும் இன்னான்னே தெரியல, எத வச்சாலும் வெளிய தள்ளுது. பேய் புடிச்ச செவுரும்மா இது. சொன்னா சிரிக்கிறாங்க" என்றார். நானும் சிரித்தேன். நானும்தான். குபேந்திரனை அப்பளப் பெட்டி அட்டையைக் கிழித்து மடித்துத் தரச் சொல்லி, கதவிடுக்கில் செருகினேன். துணி போயிற்று, கதவு மூடி நின்றது, சுவர் நேரானது. "நான் ஓரமா நிக்கட்டாம்மா? என் கூடம்ல இது" என்று கேட்டார் மரகதவல்லி. வேண்டாம் என்றேன். அந்தக் கூடத்தில் தினமும் நானூறு பேருக்குச் சமைத்துப் போட்டவரை வெளியே அனுப்பிவிட்டு, யாரும் இல்லாத கூடத்தை எடுத்தேன். பத்திரிகை அட்டையில் வந்தது, விருதும் கொடுத்தார்கள். மூன்று மழைக்காலம் தாங்கிய சுவர், போன கார்த்திகையில், காலை ஏழேகால் மணிக்கு, இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவர்மேல் விழுந்தது. மாணவிகள் இன்னும் இறங்கி வரவில்லை. அதைச் செய்தித்தாள் நல்வாய்ப்பு என்று எழுதியது. மரகதவல்லியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இப்போது அவர் அடுக்காத மூட்டையும் அவர் தலைமேல் விழப் போகிறது, என் படத்தின் சாட்சியோடு.

துணிக்கு வெளியே பேச்சு நடக்கிறது. நான் துணிக்குள் போனதும் எனக்குக் காதும் போய்விட்டதாக எட்வின் ஜெயசீலன் நினைக்கிறார் போலும். "ரொம்பக் கோவக்காரங்களோ? வீட்ல சார் இருக்காரா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். "வீட்ல, ஆபீஸ்ல எல்லாம் மேடம்தான் சார்." "பழைய கேமரா ஒண்ணு வச்சிருந்தாங்களே, இதே மாதிரி, கொஞ்சம் பழசு? நான்தான் சர்வீஸ் பண்ணேன்." "வித்துட்டாங்க. அந்தச் செவுரு விழுந்த வாரம்." ஒரு ரயில் போகிறது. மங்கல் கண்ணாடியில் இரண்டு ஆண்களும் தலைகீழாக நடுங்கி நிலைக்கிறார்கள். விற்றேன், ஆமாம், பெங்களூருக்காரர் ஒருவருக்கு, பேரம்கூடப் பேசாமல். பார்க்கப் பிடிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கத்தியைக் கிணற்றில் எறிபவன் சொல்லும் காரணம் அது. "நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன் சார்" என்கிறார் குபேந்திரன். இது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் மூன்று மாதமாகத் தினமும் என் காரை ஓட்டுகிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்லாதான் பேசினாங்க மரகதக்கா. மேடம் எப்படி இருக்காங்கன்னு கேட்டாங்க. படம் நல்லா வந்துச்சா, ஒரு காப்பி குடுப்பாங்களா, கூடத்தையே பாக்கலியே நான், இனிமே அது இல்லியேன்னாங்க." எட்வின் ஜெயசீலன், "ச்சொ" என்கிறார். நான் துணிக்குள் இருக்கிறேன். ஒருவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு வழி தெரியும். பதில் சொல்லியிருப்பேன், எனக்குப் பதிலுக்குப் பஞ்சமில்லை. படம் நல்லா வந்துச்சா என்ற கேள்விக்கு என்ன பதில்? நன்றாக வந்தது மரகதவல்லி அம்மா, மிக நன்றாக வந்தது, உங்கள் பேய் பிடித்த சுவர் அதில் எவ்வளவு ஒழுங்காக நிற்கிறது தெரியுமா.

துணியை உதறிவிட்டு வெளியே வந்து வலப்பக்கக் கேமராவை எடுக்கிறேன். கையில் கனமே இல்லை. இது நேர்மையான கருவி என்று ஒரு வாரமாக எனக்குள் ஓதிக்கொண்டிருக்கிறேன். பின்பலகை சாயாது, ஆகவே சுவரை நிமிர்த்த முடியாது, ஆகவே உமையாள் இனி பொய் சொல்ல முடியாது. எவ்வளவு அழகான தர்க்கம். கையைக் கட்டிப்போட்டால் திருட மாட்டேன் என்பவளிடம் யாராவது வீட்டைப் பூட்டாமல் விட்டுப் போவார்களா? அன்று இந்தக் கேமரா என்னிடம் இருந்திருந்தால்? சாய்ந்த சுவரைக் கண்ணாடியில் பார்த்திருப்பேன், சலித்துக்கொண்டிருப்பேன், முக்காலியை எதிர்மூலைக்கு நகர்த்தி அந்தச் சுவரே படத்தில் விழாமல் செய்திருப்பேன். அல்லது வீட்டுக்குப் போய்க் கணினியில் ஒரு தட்டு. அலமாரித் துணியை எப்படியும் அவிழ்த்திருப்பேன். துணியை அவிழ்த்தது எந்தக் கேமரா? இதன் பக்கங்களை விரலால் தடவிப் பார்க்கிறேன். ஏற்றத்துக்கு ஒரு அளவுகோல், நகர்வுக்கு ஒரு அளவுகோல். சாய்வுக்கு இல்லை. சாயாத பலகைக்கு எதற்கு அளவு? பெரிய கேமராவின் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். அந்தப் பெரிய கேமராவின் பின்பலகையில் கால் டிகிரிக்கு ஒரு கோடாக அளவு உண்டு. நான் விற்றுவிட்டுத் தலைமுழுகிய பழையதிலும் இருந்தது. ஒவ்வொரு படம் எடுத்ததும் அந்த அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதுவேன், மறுபடி எடுக்க நேர்ந்தால் வேண்டுமே என்று. மாணவியாக இருந்தபோது தொடங்கிய பழக்கம், பல் துலக்குவதுபோல, எழுதினோமா என்றுகூட நினைவிருக்காது. கேமராவை விற்றேன். குறிப்பேட்டை விற்கவில்லை. அது இந்தப் பையிலேயே இருக்கிறது. ஒரு வாரமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறேன், திறக்கவில்லை, திறக்காததைப் பற்றி நினைக்கவும் இல்லை. சுதர்சனன்மேல் கோபப்படவே நேரம் போதவில்லை.

திறக்கிறேன். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆடி பதினொன்று, சாப்பாட்டுக் கூடம், மூன்றாம் படம். என் கையெழுத்து, அன்று நல்ல மனநிலையில் இருந்திருக்கிறேன், எழுத்துகள் சாயாமல் நிற்கின்றன. லென்ஸ் தொண்ணூறு மில்லிமீட்டர். பின்பலகைச் சாய்வு ஒன்றேகால் டிகிரி. பக்க நகர்வு பதினெட்டு. இடது சுவருக்காக. அடுத்த வரியில்: அலமாரி, துணி எடுத்தாயிற்று, கதவு நிற்கவில்லை, அட்டை செருகியது. கதவு நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்திருக்கிறது. என் கைக்குத் தெரிந்திருக்கிறது. சுவரை எவ்வளவு நிமிர்த்தினேனோ அவ்வளவு அது சாய்ந்திருந்தது. பொய்யின் அளவே உண்மையின் அளவு. கணக்கு நேரானது. பேனாவைக் கேட்கிறேன்; முதல் முறையாக எட்வின் ஜெயசீலன் எதையோ நேராக என்னிடம் நீட்டுகிறார். லென்ஸையும் நகர்வையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பன்னிரண்டு அடி உயரத்துக்குச் சுவரின் சாய்வு ஏறத்தாழ இரண்டு அங்குலம், கட்டி முடித்து நான்கே மாதத்தில், அந்தச் சுவரோரம் ஓர் அரிசி மூட்டைகூட இல்லாதபோதே. இந்தப் பக்கத்தைக் குழுவின் மேசைமேல் வைத்தால் மூட்டைக் கதை செத்துவிடும். கூடவே நானும். சுவர் சாய்ந்ததைப் பார்த்தவள், நிமிர்த்தியவள், துணியை அவிழ்த்தவள், சொல்லாமல் போனவள். எந்தக் கட்டடக்கலைஞன் இனி என்னைத் தன் அறைக்குள் விடுவான்? ஒருவனும் மாட்டான். இருபது ஆண்டு. பயமாக இருக்கிறது; அதைக் கோபமாக மாற்றிக்கொள்ள முயல்கிறேன், பழக்கம், இந்த முறை மாற மறுக்கிறது.

"பெருசைக் குடுங்க" என்கிறேன். எட்வின் ஜெயசீலன் திகைத்து, பழக்கத்தில் குபேந்திரன் பக்கம் திரும்பி, திருத்திக்கொண்டு, என்னைப் பார்க்கிறார். "போன வாரமெல்லாம் அந்தச் சாயாததுதான் வேணும்னு போன்ல சொன்னீங்களே மேடம்?" "அதுல சாய்வுக்கு அளவு கிடையாது." "அது சாயவே சாயாதே மேடம், அளவு எதுக்கு?" "எனக்கு வேணும்." அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, "அப்ப பின்பலகைய ஜீரோவுல லாக் பண்ணிக் குடுத்துடட்டா? தெரியாத்தனமா அசையாம இருக்கும்" என்கிறார். "வேண்டாம். தெரியாத்தனமா எதுவும் அசையாது." குபேந்திரன் ஆறு கிலோவைத் தோளில் ஏற்றுகிறார். ஒரு கணம் நின்று, "மேடம், அந்த அட்டை நான் மடிச்சுக் குடுத்ததுதான். கேட்டாங்கன்னா நானும் வந்து சொல்றேன்" என்கிறார், படிக்கட்டைப் பார்த்தபடி. குறிப்பேட்டை அவர் பக்கம் திருப்பி, 'அட்டை செருகியது' என்ற இடத்தைக் காட்டுகிறேன்.

மணி பதினொன்று ஐம்பது. நானே சுதர்சனனை அழைக்கிறேன். முதல் மணியிலேயே எடுக்கிறான். "சொல்லு உமை, கையெழுத்துப் போட்டியா?" "எழுதிக்கோ." "இரு, பேனா எடுக்கறேன். ம், சொல்லு, சொல்லு." குரலில் எவ்வளவு உற்சாகம். "லென்ஸ் தொண்ணூறு. பின்பலகைச் சாய்வு ஒன்னேகால் டிகிரி. பக்க நகர்வு பதினெட்டு மில்லிமீட்டர். இடது செவுத்துக்காக. ஆடி பதினொண்ணு." பேனா ஓடும் ஒலி கேட்கிறது; பிறகு நிற்கிறது. ஆயிரம் இருந்தாலும் அவனும் வடிவியல் படித்தவன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "உமை, இதை நீ எங்கயும்..." "பன்னெண்டு அடிக்கு எவ்வளவுன்னு நீயே போட்டுப் பாரு. நாளைக்குப் பத்து மணிக்கு இதைத்தான் வாசிக்கப் போறேன். நீ கேட்ட ஒரு வரி." "பைத்தியமா உனக்கு? என்னோட சேந்து நீயும்தான் மாட்டுவ!" "தெரியும். அதுக்கு ரெண்டாவது வரி இருக்கு" என்கிறேன். "அது மரகதவல்லியம்மா கட்டியிருந்த துணியைப் பத்தினது."